கம்போடியாவில் பிள்ளைகள் ஊழியம்: வாலிபர் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் சபை வாலிபர்களோடு முதன்முறை கம்போடியா போனபோது பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுபோனோம். பலூன், ஸ்டிக்கர், மிட்டாய், கைப்பொம்மைகள், இரண்டு கிதார். தக்கேவ் மாகாணத்தில் ஒரு கிராமச் சபையில் மூன்று நாள் விபிஎஸ், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி. முதல் நாள் நாற்பது பிள்ளைகள் வந்தார்கள், மூன்றாம் நாள் நூற்றுக்கு மேல். ஊர் திரும்பி ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொன்னோம். சபையே ஸ்தோத்திரம் சொன்னது.

நான்கு மாதம் கழித்து அந்தக் கிராமப் போதகர் ஒரு கூட்டத்துக்காகக் கோலாலம்பூர் வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகத்தான் சொன்னார். நாங்கள் கிளம்பிய அடுத்த ஞாயிறு பிள்ளைகள் கூட்டமாக வந்து கை நீட்டி நின்றார்களாம். அங்கே பாடம் எடுக்கும் அக்காவிடம் மிட்டாயும் இல்லை, கிதாரும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு பன்னிரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் போவதற்கு முன்னால் அவளிடம் வாராவாரம் இருபத்தைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாரத்தில் ஆறு நாள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை, ஞாயிறு மட்டும் பிள்ளைகளோடு. பிள்ளைகள் அவளை ‘நெக் க்ரூ’ என்பார்கள், ஆசிரியை என்று அர்த்தம். மூன்று நாளும் அவளைத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் வரிசையைச் சரிசெய்யவும்தான் வைத்திருந்தோம். ஒரு பாட்டாவது நீங்கள் சொல்லிக்கொடுங்களேன் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பலமுறை போய்வந்துவிட்டோம். ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியை வைத்து எடுக்கப் பழகியிருக்கிறோம்: நாம் திரும்பிய பிறகு வரும் ஞாயிறு அந்த நெக் க்ரூவுக்கு எப்படி இருக்கும்? கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். மலேசியத் தமிழ்ச் சபை வாலிபர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு விசா, போலீஸ் சான்றிதழ் போன்ற விவரங்கள் மட்டும் மாறும்.

படி 1: அழைப்பு யாரிடமிருந்து வந்தது?

குறைந்தது பத்து மாதம் முன்னால் இதைத் தொடங்குங்கள். ‘இந்த வருஷம் வாலிபர்களை எங்கேயாவது மிஷன் பயணம் கூட்டிப்போக வேண்டும்’ என்று நம் பக்கம் தொடங்கினால், நம் தேதி, நம் நிகழ்ச்சி, நம் விருப்பம் என்றே போய் முடியும். கம்போடியாவில் இருக்கும் ஒரு உள்ளூர்ச் சபை ‘இந்த உதவி எங்களுக்குத் தேவை’ என்று கேட்டிருக்க வேண்டும். நம் சபைக்கு அங்கே தொடர்பே இல்லையென்றால், முதல் வருடம் வாலிபர்களை அழைத்துப் போகாதீர்கள். பொறுப்பில் உள்ள இரண்டு மூன்று பேர் மட்டும் போய், உட்கார்ந்து, கேட்டுவிட்டு வாருங்கள்.

என்ன கேட்பது? வாராவாரம் பிள்ளைகளோடு இருப்பது யார், எத்தனை பேர் வருகிறார்கள், பெற்றோர் என்ன நினைக்கிறார்கள், போன வருடம் வேறு குழு வந்ததா, வந்து போன பிறகு என்ன ஆனது. கடைசிக் கேள்விக்கு நேரடிப் பதில் உடனே வராது. விருந்தாளியின் மனம் நோகும்படி பேசுவது கம்போடியர்களின் வழக்கமில்லை. ‘பரவாயில்லை, சந்தோஷம்’ என்பார்கள். இரண்டாவது நாள், மூன்றாவது நாள், சாப்பாட்டு நேரத்தில்தான் உண்மை வரும். அதுவரை பொறுமையாக இருக்க வேண்டும்.

வராதீர்கள், அந்தப் பணத்தை ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று அவர்கள் சொன்னால் அதையே செய்யுங்கள். ஒரு வருடம் எங்களுக்கு அப்படித்தான் பதில் வந்தது. வாலிபர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஆனாலும் அந்த வருடம் அனுப்பிய பணத்தில் ஆறு பேர் பயிற்சி முடித்தார்கள்.

படி 2: அனாதை இல்லம் வேண்டாம்

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு போகிற வாலிபர்கள் அதிகம் தவறும் இடம் இது.

கம்போடியா என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது அனாதைப் பிள்ளைகள். தலைநகர் புனோம் பென்னிலும், அங்கோர் கோயில்களைப் பார்க்க வரும் பயணிகள் தங்கும் சியெம் ரீப்பிலும் ஒரு காலத்தில் இல்லங்கள் பெருகின. சுற்றுலாப் பயணிகள் வரவர இல்லங்கள் கூடின. 2017-இல் வெளியான அரசுக் கணக்கெடுப்பில் 406 இல்லங்கள், அவற்றில் 16,500க்கு மேற்பட்ட பிள்ளைகள். அரசும் யுனிசெஃபும் சேர்ந்து விசாரித்தபோது, அந்தப் பிள்ளைகளில் ஐந்தில் ஏறத்தாழ நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது தெரியவந்தது.

அப்படியானால் ஏன் இல்லத்தில் இருக்கிறார்கள்? ஏழ்மை. ‘அங்கே விட்டால் படிக்கலாம், மூன்று வேளை சாப்பாடு கிடைக்கும், வெளிநாட்டுக்காரர்கள் ஆங்கிலம் சொல்லித் தருவார்கள்’ என்று கிராமத்துக்கே வந்து சொல்லி அழைத்துப் போயிருக்கிறார்கள். வருகிற ஒவ்வொரு குழுவும் காணிக்கை கொடுக்கிறது. காணிக்கை வரவேண்டுமானால் பிள்ளைகள் இருக்க வேண்டும். பிள்ளைகள் நன்றாக இருந்துவிட்டால் காணிக்கை குறையும் என்று சில இடங்களில் வேண்டுமென்றே மோசமான நிலையில் வைத்திருந்த கொடுமையும் நடந்தது. 2017-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று நவீன அடிமைத்தனம் பற்றித் தந்த அறிக்கையில், இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதைப் பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. அதற்கு முன்பே, 2011-இல், புனோம் பென்னில் இயங்கும் ஃபிரண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு ‘பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள்கள் அல்லர்’ என்று பெரிய பிரசாரம் நடத்தியது.

நேர்மையாக நடக்கும் இல்லங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் நம் ஒரு வார வருகை பிள்ளைக்கு நல்லது செய்யாது. நம்மைப் பார்த்தவுடன் ஓடிவந்து மடியில் ஏறும் நான்கு வயதுக் குழந்தையைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கு மனம் உருகிவிடும். வீட்டில் வளரும் நான்கு வயதுக் குழந்தை முன்பின் தெரியாதவர் மடியில் ஏறுமா? அம்மாவின் சேலைக்குப் பின்னால்தான் ஒளியும். யாரிடமும் உடனே ஒட்டிக்கொள்கிற அந்தப் பழக்கம், வந்து வந்து போய்க்கொண்டே இருந்தவர்களால் உண்டான காயம். நாமும் ஐந்து நாள் கொஞ்சிவிட்டு விமானம் ஏறினால் அதே காயத்தில் இன்னொரு கீறல்.

ஆகவே முடிவு இதுதான்: பிள்ளைகள் மாலையில் தங்கள் அம்மா அப்பாவிடமோ பாட்டியிடமோ திரும்பிப் போகிற இடத்தில் மட்டும் ஊழியம் செய்யுங்கள். கிராமச் சபை, ஞாயிறு பள்ளி, சபை நடத்தும் மாலை வகுப்பு. இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் மேல் பாரம் இருக்கிறதா? அவர்களைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் வேலையைச் செய்கிறவர்களுக்குப் பணம் கொடுங்கள், ஜெபியுங்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்காதீர்கள்.

படி 3: யார் போகலாம்?

எட்டுப் பேர் போதும், பத்துக்கு மேல் வேண்டாம். இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் இருபது வெளிநாட்டு வாலிபர்கள் நின்றால் நெக் க்ரூவுக்கு நிற்க இடமிருக்காது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை எங்கள் சபை அழைத்துப் போவதில்லை. அவர்களையே நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

விண்ணப்பம், நேர்காணல், இரண்டு பேரின் பரிந்துரை, காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் ஆகிய நான்கும் எல்லோருக்கும் கட்டாயம். போதகர் மகனாக இருந்தாலும், பாடகர் குழுத் தலைவராக இருந்தாலும் சரி. மலேசியாவில் பிள்ளைகளுக்கு எதிராகக் குற்றம் செய்தவர்களின் பதிவேடு சமூக நலத் துறையிடம் இருக்கிறது, அதிலும் சரிபார்க்கக் கேளுங்கள். ‘நம் பையன்தானே, சின்ன வயதிலிருந்து தெரியும்’ என்ற பேச்சை இந்த ஒரு விஷயத்தில் ஏற்காதீர்கள்.

நேர்காணலில் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இங்கே நம் சபையின் ஞாயிறு பள்ளியில் கடந்த ஆறு மாதம் என்ன செய்தாய்? ஒன்றுமில்லை என்றால், ஆறு மாதம் இங்கே உதவி செய், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறேன். நம் தெருப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடாத கை அங்கே போய்த் துடைக்குமா?

படி 4: பிள்ளைகள் பாதுகாப்பு விதிகள்

இவற்றை எழுதி, குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளூர்ச் சபைக்கு அவர்கள் மொழியான கெமரில் மொழிபெயர்ப்பு போக வேண்டும்.

நம்மில் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், கண்ணுக்குத் தெரியும் இடத்தில். கழிப்பறைக்குக் கூட்டிப்போவது உள்ளூர்ப் பெண் ஆசிரியர்களின் வேலை. மடியில் உட்காரவைப்பது, தூக்கிச் சுற்றுவது, முத்தமிடுவது வேண்டாம். பிள்ளை தானாகக் கையைப் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும், அதைத் தட்டிவிடத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகக் கூடாது. பிள்ளைகளின் பேஸ்புக், டெலிகிராம் கணக்கு கேட்கக் கூடாது, நம்முடையதைக் கொடுக்கவும் கூடாது.

படம் எடுப்பதற்குக் குழுவில் ஒரே ஒருவர், ஒரே ஒரு போன். மற்றவர்களின் போன் நிகழ்ச்சி நேரத்தில் பையில். பெற்றோர் சம்மதம் உள்ளூர்ச் சபை வாங்கித் தர வேண்டும். முகம் தெளிவாகத் தெரியும் படமும் கிராமத்தின் பெயரும் ஒன்றாக வெளியே போகவே கூடாது. கிழிந்த சட்டை, ஒழுகும் மூக்கு, அழுகிற முகம், இவற்றை எடுக்கவே வேண்டாம். உங்கள் தங்கையை அப்படி ஒரு படத்தில் ஊரார் பார்க்க விடுவீர்களா என்று கேட்டால் எந்த வாலிபரும் புரிந்துகொள்வார்.

தப்பு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது என்பது கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். குழுவில் ஒருவர், உள்ளூர்ச் சபையில் ஒருவர், நம் ஊரில் பயணத்துக்கு வராத மூப்பர் ஒருவர் என்று மூன்று பெயர்கள். சபைப் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கக் கூடாது. மலேசியாவின் 2017-ஆம் ஆண்டு சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், மலேசியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கும் பொருந்தும். தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம்.

படி 5: சட்டம், காகிதம்

கம்போடியாவின் அரசு மதம் பௌத்தம். பிற மதங்களுக்கு அரசியலமைப்பில் சுதந்திரம் உண்டு. ஆனால் 2007-இல் மத விவகார அமைச்சு பிறப்பித்த உத்தரவின்படி பொது இடத்தில் மதப் பிரசாரம் செய்யக் கூடாது, வீடு வீடாகப் போகக் கூடாது, கைப்பிரதிகளைச் சபை வளாகத்துக்கு வெளியே விநியோகிக்கக் கூடாது, பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறச் சொல்லக் கூடாது. நாம் மீறினால் நாம் விமானம் ஏறிவிடுவோம், பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் போதகர். வந்து சேர்ந்தவுடன் ‘மே பூம்’ எனப்படும் கிராமத் தலைவரைப் போதகரோடு போய்ப் பார்த்து வணக்கம் சொல்வது நல்ல பழக்கம். என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

மலேசியர், சிங்கப்பூரர்களுக்கு 30 நாள்வரை சுற்றுலா விசா தேவையில்லை. இந்தியர், இலங்கையர் விசா எடுக்க வேண்டும். ஊழியத்துக்கு எந்த வகை விசா சரி என்பதை உள்ளூர்ச் சபையிடமும் தூதரகத்திடமும் கேட்டு உறுதிசெய்யுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் மின்வருகைப் படிவத்தைக் கிளம்புவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாகாணங்களில் 2025 ஜூலையில் சண்டை மூண்டது. அந்தப் பக்கம் அழைப்பு இருந்தால் நம் வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வடமேற்கு மாகாணங்களில் இன்னும் கண்ணிவெடிகள் உண்டு, பாதையை விட்டு வயலுக்குள் இறங்கவே கூடாது.

படி 6: அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

எட்டு வாரம், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் வரலாறு. 1923-இல் புராட்டஸ்டண்ட் மிஷனெரிகள் வந்தார்கள், 1954-இல் முழு வேதாகமம் கெமர் மொழியில் வெளியானது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் நாட்டு மக்களில் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். சின்னஞ்சிறு கிறிஸ்தவச் சபை ஏறக்குறைய அழிந்தே போனது. 1990-இல்தான் மறுபடி வெளிப்படையாகக் கூடி ஆராதிக்க அனுமதி கிடைத்தது. ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அதையெல்லாம் கடந்து வந்தவராக இருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள், நாமாகக் கதை கேட்டுத் துருவ வேண்டாம்.

மொழி நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. ‘க்ரூ’ நம் குருதான். பள்ளிக்கூடம் ‘சாலா’, நம் பாடசாலையில் வரும் அதே சொல். கைகூப்பி வணங்குவதை ‘சம்பேயா’ என்பார்கள், வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்பக் கை உயரும். மூத்தவரை ‘போங்’ என்று கூப்பிட வேண்டும், அண்ணனுக்கும் அக்காவுக்கும் அதே சொல். நன்றிக்கு ‘ஆகுன்’. எண்கள் ஐந்துவரை தெரிந்தால் ஒன்பதுவரை தெரிந்த மாதிரி, ஏனென்றால் ஆறு என்பது ஐந்து-ஒன்று, ஏழு ஐந்து-இரண்டு. மூன்று என்ற எண் நம் காதில் கிட்டத்தட்ட ‘பேய்’ என்று விழும். பயிற்சியிலேயே சிரித்து முடித்துவிடுங்கள், பிள்ளைகள் முன்னால் சிரித்தால் தங்களைக் கேலி செய்வதாக நினைப்பார்கள்.

இன்னொன்று, நம் கிறிஸ்தவப் பழக்கத்தோடு நேராக மோதுவது. ஜெபிக்கும்போது பிள்ளையின் தலைமேல் கைவைப்பது நமக்கு ஆசீர்வாதம். அங்கே தலை உடலின் மிக உயர்ந்த இடம், வெளியாள் தொடுவது மரியாதைக் குறைவு. கையைக் கூப்பிக்கொண்டு பக்கத்தில் நின்று ஜெபித்தாலும் கர்த்தர் கேட்கிறார். காலை நீட்டி யாருக்கும் நேராக உட்காராதீர்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை.

படி 7: உடல்நலம்

கிளம்ப ஆறு வாரம் முன்னால் மருத்துவரைப் பார்த்து டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். டெங்கி மழைக்காலத்தில், மே முதல் அக்டோபர் வரை அதிகம். கொசு மருந்து காலையிலும் பூச வேண்டும், அந்தக் கொசு பகலில் கடிப்பது. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு ஐந்து. நாய் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். புனோம் பென்னில் பாஸ்டர் நிறுவனத்தில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது. பயணக் காப்புறுதி இல்லாதவர் வரவேண்டாம். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கவும் வேண்டாம்.

படி 8: பணமும் பரிசும்

செலவுக் கணக்கை சபைக்கு முழுதாகக் காட்டுங்கள்: விமானம் இவ்வளவு, தங்குமிடம் இவ்வளவு, அங்கே உள்ள சபைக்கு இவ்வளவு. கேக் விற்று, கார் கழுவி நிதி திரட்டும்போது ‘ஏழைப் பிள்ளைகளுக்கு’ என்று எழுதிவிட்டு, முக்கால்வாசி விமானச் சீட்டுக்குப் போனால் அது பொய். ‘எங்கள் பயணத்துக்கு’ என்றே எழுதுங்கள், ஜனங்கள் கொடுப்பார்கள்.

காகிதம், பசை, கலர் பென்சில் எல்லாம் அங்கேயே வாங்குங்கள். புனோம் பென்னின் ஓருஸ்ஸேய் சந்தையில் மொத்த விலைக்குக் கிடைக்கும். நெக் க்ரூவைக் கூடக் கூட்டிப்போய் அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சந்தையில் கிடைக்காத ஒரு பொருளை வைத்துக் கைவேலை திட்டமிட்டால் அடுத்த வருடம் அவளால் அதைச் செய்ய முடியாது. அமெரிக்க டாலர் நோட்டு கிழிசல், மடிப்பு, பேனாக் கிறுக்கல் இல்லாமல் இருக்கட்டும், கடையில் வாங்கமாட்டார்கள். ஒரு டாலருக்குக் கம்போடியப் பணத்தில் ஏறத்தாழ 4,000 ரியெல்.

பிள்ளைகள் கையில் யாரும் தனியாக எதுவும் கொடுக்கக் கூடாது, ஒரு மிட்டாய்கூட. கொடுக்க வேண்டியது சபை வழியாக, சபையின் கையால், நாம் போன பிறகு. எங்கள் குழுவில் ஒரு தங்கை, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு சிறுமிக்குக் கட்டிவிட்டாள். அன்பினால்தான் செய்தாள். மறுநாள் அந்தச் சிறுமி வரவில்லை. கடிகாரத்துக்காக அண்ணன் அடித்திருந்தான்.

படி 9: ஒரு நாள் நிகழ்ச்சியை அமைப்பது

முதலில் நேரம். அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் அரைநாள் வகுப்பு, காலை வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு மதியம்தான் ஓய்வு. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஆசிரியைக்கு ஞாயிறு மட்டும். ஆகவே வாரநாள் முழுக்க நிகழ்ச்சி வைத்தால் அவள் இல்லாமல்தான் நடக்கும். எங்கள் திட்டம் இப்போது இப்படி: வாரநாள் மாலைகளில் ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் தயாரிப்போம், அவர்கள் வேலை முடிந்து வந்த பிறகு, ஒன்றரை மணி நேரம். பிள்ளைகளோடு நிகழ்ச்சி இரண்டு ஞாயிறு மட்டும். பத்து நாள் பயணத்தில் பிள்ளைகளோடு மொத்தம் ஐந்து மணி நேரம்தான் இருப்போம். ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்று ஒவ்வொரு வருடமும் ஒருவர் கேட்பார். ஆமாம், இதற்குத்தான்.

ஞாயிறு இரண்டரை மணி நேரம். பிள்ளைகள் வரவர விளையாட்டு, பிறகு பாட்டு, கதை, கைவேலை, மனப்பாட வசனம், கடைசியில் தாய்மார் சமைத்த ‘போபோர்’ கஞ்சி. மொழிபெயர்ப்பு இருப்பதால் எதற்கும் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். நம் ஊரில் பத்து நிமிடக் கதை என்றால் ஐந்து நிமிடமாகச் சுருக்குங்கள்.

விளையாட்டுக்கு அவர்களுடையதையே எடுங்கள். ‘லீக் கன்சைங்’ என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வட்டமாக உட்கார, ஒரு பிள்ளை முறுக்கிய ‘க்ரமா’த் துண்டோடு சுற்றி ஓடி, யாருக்கோ பின்னால் தெரியாமல் போட்டுவிடும். எங்கள் பிள்ளைகள் முதன்முறை பார்த்தபோது ஒரே சத்தம்: “அக்கா, இது குலை குலையா முந்திரிக்கா!” நம் பாட்டைப் பாடி ஒரு சுற்று, அவர்கள் பாட்டைப் பாடி ஒரு சுற்று. ஒரு மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படவில்லை.

கதையை நெக் க்ரூ சொல்லட்டும். நாம் படம் பிடித்துக்கொண்டு நிற்கலாம், நடித்துக் காட்டலாம், படகாகவும் மீனாகவும் ஆகலாம். கதை தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைகள் கண்டதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். காணாமல்போன ஆட்டின் கதையை நாங்கள் முதலில் கொண்டுபோனோம். தக்கேவ் வயல்களில் மாடு உண்டு, எருமை உண்டு, செம்மறி ஆட்டைப் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. மீன் பிடிக்கிற கதை என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வலை எப்படிக் கிழியும் என்று தெரியும்.

‘இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்’ என்று பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். இதில் என்னோடு உடன்படாத போதகர்கள் உண்டு, ஆனாலும் சொல்கிறேன். வெளிநாட்டு அண்ணன் சந்தோஷப்படுவார் என்று தெரிந்தால் பிள்ளை எதற்கும் கை தூக்கும், ஒரே வாரத்தில் மூன்று குழுக்களுக்கும் தூக்கும். அந்தப் பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் பௌத்தப் பெற்றோர், நம்மை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். நாம் இயேசுவின் அன்பைக் கதையிலும் நடத்தையிலும் ஒளிக்காமல் காட்டுவோம். கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்வதும், அதன் பெற்றோரோடு பேசுவதும் வருடம் முழுக்க அங்கே இருக்கிற நெக் க்ரூவின், போதகரின் ஊழியம். கை தூக்கியவர்களின் எண்ணிக்கையை நம் சாட்சியில் சொல்லவே வேண்டாம்.

மழைக்கு மாற்றுத் திட்டம் வைத்திருங்கள். தகரக் கூரைமேல் கம்போடிய மழை இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. கதையும் பாட்டும் அப்போது நின்றுவிடும். படம் வரைவது, கைச்சைகைக் கதை, விரல் விளையாட்டு, இவற்றில் இரண்டு தயாராக இருக்கட்டும்.

படி 10: மனம் கனக்கும் நேரங்கள்

பிள்ளையின் உடம்பில் காயம் பார்த்தால் பிள்ளையைத் துருவிக் கேட்காதீர்கள். பார்த்ததை அன்றே எழுதி, படி 4-இல் சொன்ன ஆட்களிடம் கொடுங்கள். பிள்ளையே வந்து ஏதாவது சொன்னால் அமைதியாகக் கேளுங்கள், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

‘அடுத்த வருடம் வருவீர்களா?’ என்று கேட்பார்கள். வருவேன் என்று சொல்லாதீர்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். தினமும் இரவு குழு உட்கார்ந்து பேசி ஜெபிக்க வேண்டும், எவ்வளவு அசதியானாலும். நாலாம் நாள் கட்டாயம் ஒரு சண்டை வரும். பாத்திரம் யார் கழுவுவது என்பதில்தான் பெரும்பாலும் தொடங்கும்.

படி 11: கிளம்புவதும் அப்புறமும்

பிரியாவிடை நிகழ்ச்சி என்று தனியாக வைக்காதீர்கள். பிள்ளைகளை அழவைத்துவிட்டுப் போவதில் யாருக்கும் நன்மை இல்லை. கடைசி ஞாயிறும் வழக்கமான ஞாயிறாக முடியட்டும். அடுத்த வாரம் என்ன பாடம் என்று நெக் க்ரூ பிள்ளைகளிடம் சொல்லட்டும், நாம் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறுவோம்.

ஊருக்கு வந்து ஒரு வாரத்துக்குள் குழு ஒருமுறை கூடி, என்ன தவறு செய்தோம் என்பதை எழுத வேண்டும். அதன் கெமர் மொழிபெயர்ப்பு அங்கே போகட்டும், அவர்கள் தங்கள் பக்கத்தை எழுதி அனுப்பட்டும். ஆராதனையில் சாட்சி சொல்லும்போது பிள்ளைகளின் ஏழ்மையைப் பேசாமல் அந்தச் சபையைப் பற்றிப் பேசுங்கள். ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள், எதற்காக ஜெபிக்கச் சொன்னார்கள் என்பதைச் சொல்லுங்கள். ஒரே கிராமத்தோடு குறைந்தது மூன்று வருடம் நில்லுங்கள். நடுவில் இடம் மாற்றாதீர்கள்.

அப்புறம், அந்த அடுத்த ஞாயிறு. கம்போடிய நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். அவர்கள் வகுப்பு முடியும் நேரம் பார்த்துக் குழுத் தலைவர் நெக் க்ரூவுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். படம் கேட்க வேண்டாம், எப்படிப் போனது என்று மட்டும் கேளுங்கள். எங்கள் மூன்றாவது வருடம் அவளிடமிருந்து வந்த பதில் என் போனில் இன்னும் இருக்கிறது. “இன்று 31 பேர். பெரிய மழை. போங் பயப்பட வேண்டாம், கைச்சைகைக் கதை செய்தேன்.”